இரண்டு நூல்

கியூம்ரியில் பனி கொட்டிய செவ்வாய்க்கிழமை
மென்பொருள் என்னை வெளியே நிறுத்தியது.
அட்டையில் பணம் இல்லையாம்.
மரியாதையாகத்தான் சொன்னது:
"உங்களை இழக்க எங்களுக்கு மனமில்லை."
ஏழு வருடம் வாடகை கொடுத்த வீடு
பூட்டை மாற்றிவிட்டுப் பூங்கொத்து நீட்டுகிறது.

உள்ளே பாதியில் நிற்கிறார் மன்வேல்,
மூன்றாம் எண் பேருந்தின் ஓட்டுநர்,
இறந்து பதினொரு நாள்.
கருங்கல்லில் பொறிக்க முகம் வேண்டும்.
வெள்ளிக்கிழமை கேட்பார் கல்தச்சர் யெப்ரேம்.
அவரிடம் தவணை நீட்டிப்பு கிடையாது.

இலவசமானதை அன்றே இறக்கினேன்.
எல்லாம் இருக்கிறது,
எதுவும் வைத்த இடத்தில் இல்லை:
நாத்தனார் வீட்டுச் சமையலறையில்
உப்பைத் தேடுவதுபோல.
விரல்களுக்கு மனப்பாடமான குறுக்குவழிகள்
வேறு யாருடைய கதவையோ தட்டின.
பழைய கோப்புகளைத் திறந்தது, இல்லையென்று சொல்லவில்லை,
ஆனால் லேயர்கள் சோறாய்க் குழைந்து,
நான் தட்டிய பெயர்கள் படமாக உறைந்து.
அப்படி நானூறு பேர் என் வட்டில்.
புதன் இரவு சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொண்டது,
ஒன்றரை மணிநேர வேலையோடு.
சோதனை அச்சில் மன்வேலின் கன்னம் பச்சை.
இதைத் தியாகி ஆக்க நான் தயாரில்லை.

ஆனால் ஒன்று.
ஆர்மேனிய எழுத்து ஒன்று கால் முறிந்து விழுந்தது,
அதுவும் அவர் பெயரிலேயே.
எரிச்சலோடு எழுதிப் போட்டேன்.
விடிவதற்குள் ஓய்வா என்று ஒருவர், எந்த ஊரோ,
"சரி செய்தாயிற்று, புதியதை எடுத்துக்கொள்,
உன் எழுத்துகள் அழகாயிருக்கின்றன" என்கிறார்.
இதே குறையை மற்ற இடத்தில் சொன்னபோது
ஓர் இயந்திரம் மூன்று முறை மன்னிப்புக் கேட்டது.

வியாழன் மதியம் வார்சிக் வந்தாள்,
பனிக்காலணியைக் கழற்றாமல்.
இருப்பது அந்த ஒரே நல்ல படம்:
தம்பி மகள் கல்யாணம், சீருடைக் கோட்டு,
வலது தோளில் யாரோ போட்ட கை.
"விட்டுவிடலாமா? பாசமாக இருக்கிறதே" என்றேன்.
"ஜிராயிரின் கை.
வாங்கிய கடனை இன்னும் தரவில்லை.
எடு."

வாடகைக்காரனென்றால் ஒரே சொடுக்கு.
கையைத் தின்று, தானே ஒரு தோளை நெய்து,
கேட்காமலே நெற்றியையும் இஸ்திரி போட்டுவிடும்.
அது மன்வேலைப் பார்த்ததில்லை,
லட்சம் தோள்களைப் பார்த்திருக்கிறது.
நான் மட்டும்? இருபது வருடப் பயணத்தில்
பார்த்ததெல்லாம் அவர் பிடரியை.

இதில் கையால் அள்ள வேண்டும்.
இடது தோளை நகலெடுத்துத் திருப்பி,
துணியின் ஓட்டம் பார்த்துப் பொருத்தி,
விரல் விரலாக ஜிராயிரை அப்புறப்படுத்தினேன்.
சுண்டுவிரல் கடைசிவரை அடம்பிடித்தது.
அடியில் நிஜமாக என்ன இருந்ததோ.
ஒரு நொடியில் சொன்னாலும் பொய்,
இரண்டு மணிநேரம் குனிந்து சொன்னாலும் பொய்.
என் பொய்க்கு முதுகு வலித்தது, அவ்வளவுதான்.

வார்சிக் திரைக்குக் கிட்டே வந்தாள்,
மூச்சுபட்டுக் கண்ணாடி மங்கும் தூரம்.
"இந்தத் தோள்பட்டைப் பொத்தானில் நூல் தொங்கும். தெரியும்.
அந்தப் பக்கமும் தொங்குகிறதே."
திருப்பி ஒட்டியதில் நூலும் கூடவே வந்திருக்கிறது!
இந்தத் தொழிலில் முதல் நாளே
காதைத் திருகிச் சொல்லித்தரும் பிழை.
"ஒரு நிமிடம், அழித்துவிடுகிறேன்."
"வேண்டாம்.
ஒன்றைத் தைக்கச் சொல்லி ஒரு வருடம் கெஞ்சினான்.
இரண்டாகவே இருக்கட்டும்."

அவள் எண்ணி வைத்த நோட்டுகள்
சரியாக ஒரு மாத வாடகைக்கு வரும்.
இன்னும் கட்டவில்லை.
கட்டமாட்டேன் என்றும் சத்தியம் செய்யவில்லை;
நானூறு பேர் உள்ளே குழைந்து கிடக்கிறார்கள்.

வெள்ளி காலை யெப்ரேம் தொலைபேசியில்,
பின்னால் கல்லறுக்கும் இரைச்சல்:
"ரெண்டு தோளிலும் ஏதோ கோடு. தூசியா?"
நூல், என்றேன்.
"செதுக்கவா?"
செதுக்குங்கள்.