முப்பத்தெட்டாம் அளவு

பன்னிரண்டு இடம்.
விண்ணப்பம் இருநூற்று நாற்பது.
இருபதுக்கு ஒருத்தி என்றாள் கேஷாயினி,
சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.
எட்டு மணிக்குத் தண்ணீர் நின்றுவிடும்.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை,
மூன்றாம் மாடி.
ரயில் போனால் கண்ணாடி நடுங்கும்.
அதில் பார்த்துத்தான் சிரிக்கப் பழகினோம்,
பல் தெரிய, முரசு தெரியாமல்.

மகளிர் வட்டத்துச் சீனியர் ஒருத்தி
குரல் செய்தி அனுப்பியிருந்தா. நாலு நிமிஷம்.
பின்னால் ஆரோ தேங்காய் துருவும் சத்தம்.
"கறுப்பு வேண்டாம், செத்தவீடு மாதிரி.
சிவப்பு வேண்டாம், கலியாணவீடு மாதிரி.
தேத்தண்ணி தந்தால் வாங்குங்கோ, முழுக்கக் குடியாதேங்கோ.
தமிழ்ப் பிள்ளையள் மட்டும் ஒண்டாய் நிக்காதேங்கோ,
மூலைக்குள்ள குவிஞ்ச மாதிரித் தெரியும்."

அப்போ எப்படித்தான் நிற்பது?
ரிஸ்லா நின்று காட்டினாள்,
கதிரைக்கும் வாளிக்கும் நடுவில்
எதோடும் சேராமல், எதையும் விலக்காமல்.
கைதட்டினோம்.
கீழ்வீட்டு அன்ரி தும்புத்தடியால் முகட்டில் இடித்தா.

சப்பாத்து ஒரு சோடிதான்.
மூவரும் காசு போட்டுப் பம்பலப்பிட்டியில் வாங்கியது,
ஒன்றரை அங்குலக் குதி.
கேஷாயினிக்கு அளவு.
ரிஸ்லாவுக்குக் கடிக்கும்.
எனக்கு, முன்னால் பேப்பர் மடித்து வைத்தால்
ஏதோ.
நல்லகாலம், நேரம் வேறு வேறு:
பத்தரை, பதினொன்று பத்து, பன்னிரண்டு.
கழிப்பறை வாசலில் கைமாற்றுவது என்று முடிவு.

உங்கள் பலவீனம் என்ன?
"எடுத்த வேலையை முடிக்காமல் தூங்கமாட்டேன்."
அதுதான் சரியான விடையாம்.
நான் ஆங்கிலத்தில் கோபப்படத் தொடங்கி
தமிழில் அழுது முடிப்பேன்.
பெயர் கேட்டால் எழுத்தெழுத்தாய்ச் சொல்வேன்,
எழுதுபவள் முகத்தைப் பார்த்தபடி.
இதையெல்லாம் அங்கே சொல்லக் கூடாது.

ஒன்றரை மணிக்கு, லைற் அணைத்த பிறகு
ரிஸ்லா சொன்னாள்:
போன வருஷமும் போயிருக்கிறாள்.
பட்டியலில் பெயர் இல்லை.
கேஷாயினி ஒன்றும் பேசவில்லை.
எழும்பி, இருட்டிலேயே,
துடைத்த சப்பாத்தைத் திரும்பத் துடைத்தாள்.

ஏன் இந்தப் பாடு என்று கேட்டால்,
வளாகத்தில் பன்னிரண்டாயிரம் பேர்.
எனக்குத் தெரிந்தது இவர்கள் இரண்டு பேரும்
கன்ரீன் பூனையும்.
படியேறும்போது எதிரே வருபவள்
என் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்.
அவ்வளவுதான்.
வேலைக்கு உதவும் என்பதெல்லாம் அம்மாவுக்குச் சொன்னது.

பஸ்ஸில் சீற் கிடந்தும் நின்றுகொண்டே போனோம்,
சட்டை கசங்கும் என்று.
"வாடி வென்ன நங்கி" என்றான் கொண்டக்டர்.
மூவரும் பழகிய சிரிப்பைச் சிரித்தோம்.

கேஷாயினி பத்து நிமிஷத்தில் வெளியே வந்தாள்.
ஒன்றும் கேட்காதே என்று முகம்.
சப்பாத்தைக் கழற்றி
ரிஸ்லாவின் செருப்பை மாட்டிக்கொண்டாள்.
ரிஸ்லா உள்ளே போனாள்.
பதினொன்று இருபது. நாற்பது. ஐம்பத்தைந்து.
இவ்வளவு நேரம் வைத்திருந்தால் நல்லதுதானே,
எனக்கு மட்டும் வயிற்றைப் பிசைந்தது.
பன்னிரண்டுக்குப் பக்கத்து அறைக் கதவு திறந்து
என் பெயரைக் கூப்பிட்டார்கள், பிழையாய்.

இறப்பர் செருப்போடு போனேன்.
நீலப் பட்டி, இடது காலில் ஊசி குத்தியது.
ஐந்து பேர், ஒரே நிறச் சேலை.
பலவீனம் என்ன என்றாள் நடுவில் இருந்தவள்.
குனிந்து காலைப் பார்த்தேன்.
"முப்பத்தெட்டு" என்றேன்.
பிறகு முழுக்கச் சொல்ல வேண்டி வந்தது,
சப்பாத்து, பேப்பர், கழிப்பறை வாசல்,
பாதி ஆங்கிலத்தில், பாதி எதிலோ.
நாலு பேர் குறித்துக்கொண்டார்கள்.
ஓரத்தில் இருந்தவள் சிரித்தாள்,
முரசு தெரிய.

வெளியே வந்தால் ரிஸ்லா ஓடி வருகிறாள்,
வெறுங்கால், குதியில் கொப்புளம்,
கையில் சப்பாத்து,
எனக்கென்று பேப்பர் மடித்து வைத்தபடி.
"இந்தா, சுருக்காப் போடு."

முடிந்துவிட்டது என்று சொல்ல வாய் வரவில்லை.
வாங்கிப் போட்டேன்.
பஸ் தரிப்பிடம் வரைக்கும்
அதோடுதான் நடந்தேன்.