இருந்த அளவு

களுவாஞ்சிகுடிச் சந்தையடியில்
பதினாலு வருசம் அளவெடுத்தவள் நான்.
நிமிந்து நில்லுங்க, மூச்சை விடுங்க,
வயிற்றை எக்காதீங்க,
பொய் சொன்னால் துணி காட்டிக்கொடுக்கும்
என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.
என்னை நான் அளந்ததில்லை.
கண்மட்டில் வெட்டி, போட்டுப் பார்த்து,
அங்கங்கே பிடித்துக்கொள்வதுதான்.

ஆனி மாசம். செட்டிபாளையம் தாண்டக்
கச்சான் காற்று ஷோலைத் தூக்கியது.
ஓரம் நானே மடித்தடித்த ஷோல்.
மோட்டார் சைக்கிளின் பின்சில்லு அதைச் சுருட்டியபோது
ஒரு நூல்கூட அறவில்லை.
அவ்வளவு நேர்த்தியான தையல்.

ரீ பத்து என்றார் டொக்டர்.
தொப்புளுக்கு நேரே, நாடா சுற்றும் இடம்.
மேலே நான்.
கீழே லைனிங் துணி.

மட்டக்களப்பில் வார்டு.
இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா
தவமணி வந்து "கிறுகுவம் கா" என்பாள்.
பன்மையில்தான் சொல்வாள்,
உழைப்பு முழுக்க அவளுடையது.

சில ராவில் கால்கள் தாமாக உதறும்.
பாதம் மேலும் கீழும், மேலும் கீழும்.
மெஷின் மிதித்த கால்,
யாருக்கோ எதையோ தைக்கிறது.
நான் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.
எனக்குச் சொல்லாமல் எடுத்த ஓடர்.

இதயராசா பின்னேரம் சாப்பாட்டோடு வருவார்.
முகத்தை மட்டும் பார்க்கப் பழகிவிட்டார்.
முந்தி இடுப்பிலே நிற்கும் கண்.
ஒருநாள் போர்வை விலகிக்
கால் வெளியே கிடந்தது, கெண்டைச்சதை வற்றி,
ஹேங்கரில் மாட்டிய காற்சட்டை மாதிரி.
இரண்டு பேரும் ஒன்றாக ஃபேனைப் பார்த்தோம்.

மறுகா,
பெனடிக்டா மிஸ் ஆளுயரக் கண்ணாடியை
முன்னால் உருட்டி வைத்தா.
எது நேர் என்று இடுப்புக்குத் தெரியாதாம்,
கண்தான் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம்.
கடையிலும் ஒன்று இருந்தது, அதில்
மற்றவர்களைத்தான் பார்ப்பேன்.
இதில் ஒருத்தி,
வயிறு மாவுச்சாக்காய் முன்னால் சரிந்து,
இடது தோள் இறங்கி.
வெட்டியவள் யாரோ கவனமில்லாமல் வெட்டியிருக்கிறாள்.
கண்ணை மூடினேன்.
உடனே சரிந்தேன்.
"பார்க்காட்டி விழுவீங்க" என்றா மிஸ்.
அவ்வளவுதான் சொன்னா.

பக்கத்துக் கட்டில் சியானா, சாய்ந்தமருது.
மாங்காய் பறிக்க மதிலேறி விழுந்தவள்.
அபாயாவின் பின்வீச்சு சில்லில் மாட்டுதென்று
கத்தரிக்கோல் கேட்டாள்.
சில்லு என்றதும் என் முதுகு, மேல்பாதி, குளிர்ந்தது.
"தா இஞ்ச."

இருக்கிற ஆளுக்கு நாடா போட்டால்
படித்ததெல்லாம் பொய்.
பின்னால் ஏறுது, முன்னால் துணி மடியில் குவியுது,
முழங்கால் ஒரு புதுச் சந்தி.
பின்பக்கம் தடித்த தையல் கூடாது, புண் வரும்.
நான் பழகிய வெட்டு முழுக்க
நிற்பவர்களுக்கு.
கோபம் வந்தது. ஆர்மேல் என்று தெரியவில்லை.

மிச்சத் துணியில்
மூத்திரப் பைக்கு ஓர் உறை தைத்தேன் கையால்,
கறுப்பில் சிவப்புப் பைப்பிங்.
"ஹேண்ட்பேக் எங்க வாங்கின?" என்று தவமணி கேட்க
சிரித்துச் சிரித்துச் சியானா சரிய,
பிடிக்கப்போன நானும் சரிய,
மிஸ் ஏசினா.

இன்றைக்குக் கொப்பியில் ஒரு புதுப் பக்கம்.
பெயர்: புவிமலர்.
நெஞ்சு முப்பத்தாறு.
இடுப்பு முப்பத்தொன்பது, எக்கவில்லை,
எக்கவும் ஏலாது.
கெண்டை ஒன்பதரை.
தொட்டதை விரல் அறிந்தது, கால் அறியவில்லை.

உயரம் என்ற இடத்தில் பேனை நின்றது.
"செயாரோட சேர்த்தா, சேர்க்காமலா?" என்றாள் சியானா.
சேர்க்காமல் என்றால்
குதிக்காலில் நாடாவின் நுனியை
ஆராவது பிடிக்க வேணும்.
குனிந்து, பார்த்துப் பிடிக்க வேணும்.

நாலரைக்குத்தான் ஆக்களை விடுவார்கள்.
அந்த இடத்தை
வெறுமையாக விட்டிருக்கிறேன்.