கேஸ்கெட்

ஜூன் மாதம்.
பரதராமி தாண்டி, சித்தூர் சாலையில்
கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள்
விடிய விடிய நிற்கின்றன.

மாங்கூழ் ஆலையில்
நான் இரவு ஷிப்ட் இன்சார்ஜ். மூன்றாம் வருஷம்.
என்னிடம் ஒரு நோட்டு உண்டு:
தேதி, தப்பு, பெயர்.
பெயர்க் கட்டத்தைத்தான் முதலில் நிரப்புவேன்.

இன்று நானூறு லிட்டர் தரையில்.
ரப்பர் செருப்புகள் மஞ்சளில் வழுக்குகின்றன.
"எவரு?" என்றேன்.
என் தெலுங்கில் இந்த ஒரு சொல்தான்
தடுமாறாமல் வரும்.

பதினோரு பேரும் தரையைப் பார்த்தார்கள்.
பாய்லர்காரர் செங்கல்ராயன்
ஓடாத பம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
ரெட்டெம்மா மட்டும் கையுறையைக் கழற்றினாள்.
"செவ்வாய்க்கிழமையே சொன்னேன் மேடம்,
கேஸ்கெட் கசியுதுன்னு.
போன்ல இருந்தீங்க.
அப்புறம்னு கையைக் காட்டுனீங்க."

காட்டினேன்.
அந்தக் கைதான் இப்போது
பேனாவைத் திறந்து வைத்திருக்கிறது.

தேதி. கேஸ்கெட்.
மூன்றாம் கட்டத்தில் என் பெயர்,
இன்ஷியலோடு முழுசாக.
எல்லாரும் பார்க்கும்படி எழுதினேன்;
அதில் கொஞ்சம் நடிப்பும் இருந்தது,
சொல்லிவிடுகிறேன்.

பிறகு கேட்டேன்:
"ஏமயிந்தி?"
உச்சரிப்பு தப்பு. யாரோ சிரித்தார்கள்.
நாலு பேர் ஒரே நேரத்தில் பேச,
வால்வு, பிரஷர், பகல் ஷிப்ட் என்று
எனக்குப் பாதிதான் பிடிபட்டது.

மீதியை ரெட்டெம்மா
மெதுவாகத் திருப்பிச் சொன்னாள்.
வெளியே அடுத்த டிராக்டர்
ஹாரனை விடாமல் அழுத்தியது.

நிற்கட்டும் என்றேன்.