பர்மா காலனியில் இரண்டு படுக்கையறை

அட்வான்ஸ் ஐம்பதாயிரம்.
தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்.
கரண்டு கார்டு இன்னும் அப்பா பேரில்தான்,
மாத்தணும் என்றார் காசிலிங்கம்,
இருபது வருஷமாய்.

"உங்களுக்குச் சொந்த ஊரு..." என்று ஆரம்பித்தவர்
பாதியில் விட்டுவிட்டு
குழாயைத் திறந்து காட்டினார்.

இரண்டாவது அறையில்
கட்டில் போட வழியில்லை. ஒரு தேக்குப்பெட்டி.
மோல்மேனில் மூன்று ஏக்கர்
பத்திரத்தோடு உள்ளே இருக்கிறதாம்.
"அது மட்டும் இங்கேயே கிடக்கட்டும்.
வாடகையில் முந்நூறு கழிச்சுக்குங்க."

கழித்துக்கொண்டேன்.
இப்போது அதன்மேல்
மடிக்காத துணி, மகளின் கணக்கு நோட்டு, இஸ்திரிப்பெட்டி.

ஐந்தாம் தேதி வந்தார்.
பணத்தை எண்ணாமல் பையில் வைத்தார்.
"போன மழைக்கு ஒழுகுச்சா?"

கூரையை நிமிர்ந்து பார்த்து
இல்லை என்றேன்.

அவர் குனிந்து
பெட்டியின் அடியைத் தடவிக்கொண்டிருந்தார்.