எடைமேடைக்கு அடுத்த அறை

லேபுக்கு இரண்டு பேர் வேண்டும்.
மனு போட்டிருப்பவர்கள் பதினொரு பேர்.
உட்கார வைத்துப் பேசத்தான்
இந்த மாங்கூழ் ஃபேக்டரியில் இடமில்லை.

முதலாளி அறையை எடுத்துக்கொள்ளச் சொன்னார்
மேனேஜர் தீர்த்தகிரி.
போய்ப் பார்த்தேன்.
அவர் நாற்காலி சுழல்கிறது.
எதிரே கிடக்கும் சோபாவில் உட்கார்ந்தால்
முழங்கால் தாடைக்கு வந்துவிடுகிறது.
ஏசி பதினெட்டில்.
மத்தூரிலிருந்து பஸ் மாறி
வேர்த்து வந்து நிற்கிறவளுக்கு
நடுக்கம் குளிராலா என்னாலா என்று
எதை வைத்துக் கண்டுபிடிப்பேன்?

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம்
ஒரு லாட்ஜில் ஹால் கிடைக்கும்,
அரை நாளைக்கு இரண்டாயிரம்.
படியேறியதும் சாவிப் பலகைக்கு முன்னால் ஒருவன்
"எந்த ரூம்?" என்பான்.
தனியாக வரும் பெண்ணுக்கு
அன்றைய முதல் கேள்வி அதுவாகவா இருக்கும்?

கேன்டீனும் சரிவராது.
போன சீசனில் இதே வேலைக்கு வந்து
கிடைக்காமல் போனவன்
அங்கேதான் சாம்பார் வாளியோடு நிற்கிறான்.

மிஞ்சியது
எடைமேடைக்கு அடுத்த அறை.
காலி கிரேட்டுகளை வேடியப்பன் வெளியே இழுத்துப் போட்டார்.
சுவரில் சாக்பீஸில் போன வருஷத்து விலை,
பெங்களூரா இவ்வளவு, செந்தூரா இவ்வளவு.
"இது இருக்கட்டுமா மேடம்?"
அழித்துவிடுங்கள் அண்ணா,
இன்றைக்குச் சுவரில் எந்த விலையும் வேண்டாம்.

ஒரே உயரத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள்.
ஒரு சொம்பு தண்ணீர், இரண்டு டம்ளர்.
வருகிறவர்களின் இடத்தில் நானே உட்கார்ந்து பார்த்தேன்.
பத்து மணி வெயில் ஜன்னல் வழியே
நேராகக் கண்ணில் குத்தியது.
மேஜையைக் குறுக்கே திருப்பினேன்.
லாரி ஏறும்போதெல்லாம் தரை லேசாக அதிர்ந்தது.
அதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

முதலில் வந்தவள் மாதேஸ்வரி.
ஃபைலை மார்போடு அணைத்தபடி
உட்காராமல் நின்றாள்.

"மேடம், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உக்காந்துக்கட்டுமா?
கேட்டாண்ட எங்கம்மா நிக்குது.
நான் பேசறப்ப என் வாயையே பாத்துக்கினு இருக்கும்."

ஜன்னலுக்கு
இரண்டு பக்கமும் உண்டென்பது
எனக்குத் தோன்றவே இல்லை.

ஆளுக்கொரு பக்கம் பிடித்து
மேஜையை மறுபடி திருப்பினோம்.
அவள் தோளுக்கு மேலே
வெளியில் அந்த அம்மாள்,
டிபன் பையைக் கை மாற்றிக்கொண்டு
என்னைப் பார்த்தாள்.

முழு வெயிலும் இப்போது என் முகத்தில்.
கண்ணைச் சுருக்கிக்கொண்டு
முதல் கேள்வியைத் தேடினேன்.