காற்றோடு சேர்த்து ஏழு சென்ட்

மார்த்தாண்டத்தில் மூணு சென்ட்டுக்கு ஆகிற காசில்
முப்பந்தலில் ஏழு கிடைக்கும் என்றார் தாணுமூர்த்தி.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
ஹெல்மெட்டைக் கழற்றியதும்
காற்றே சொல்லிவிட்டது.

சுஜினுக்கு ரப்பர் நிழல் வேண்டும்,
எட்டிப் பார்த்தால் முகம் தெரிகிற கிணறு வேண்டும்.
மேற்கே பிறந்தவன்,
மழையைக் கேட்டுக்கொண்டே தூங்கிப் பழகியவன்.
எனக்கு உடைமரமும் செம்மண்ணும்
யாரும் தார் ஊற்றாத வழியும் போதும்.
ஆறு வருஷமாக ஞாயிறு காலைகளில்
பூசைக்குப் போகாமல் நான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தது
இந்தப் பக்கம்தான்.
அவனுக்குத் தெரியும். அவன் அம்மாவுக்குத் தெரியாது.

முதல் இடம் செண்பகராமன்புதூர் தாண்டி.
பட்டா சுத்தம், விலையும் தோது.
வாசலிலேயே தார்ரோடு.
"அதனாலதான் வேண்டாம்" என்றேன்.
இருபது வருஷத் தரகில்
இப்படியொரு குறையைக் கேட்டதில்லை போலிருக்கிறது,
தாணுமூர்த்தி கண்ணாடியைத் துடைத்துவிட்டு
மறுபடி என்னைப் பார்த்தார்.

இரண்டாவது, மலையடிவாரம்.
முதல் கியரில் நெஞ்சு தொண்டைக்கு ஏறுகிற பாறைவழி,
பார்த்ததுமே கை அரித்தது.
ஆனால் வில்லங்கச் சான்றில் மூன்று அண்ணன் தம்பிகள்,
ஒருத்தர் மஸ்கட்டில், ஒருத்தர் பேச்சுவார்த்தையில் இல்லை.
பக்கத்து மனைக்காரர் எழுநூறு அடி போர் இறக்கி
புழுதியைத்தான் மேலே கொண்டுவந்தாராம்.

மூன்றாவது இடத்தில்
காற்றாலை இறக்கையின் நிழல்
மூச்சு விடும் நேரத்துக்கு ஒருமுறை
தரையைத் துடைத்துவிட்டுப் போனது.
ராத்திரி சத்தம் கேக்குமா என்றான் சுஜின்.
"கேக்கும். நின்னுட்டாத்தான் முழிப்பு தட்டும்"
என்றாள் ஆடு ஓட்டிக்கொண்டு போனவள்,
நிற்காமலே.

தண்ணீர் நானூற்றிப் பத்து அடியில்.
சோறு வேகும், பருப்பு வேகாது.
ஆடியில் ஓடு நிற்காது, காங்கிரீட்தான்.
மலைக்கு அந்தப் பக்கம் மழை பெய்யும்போது
கணவாய் வழியாக வாசம் மட்டும் வந்து சேரும்.
எல்லாம் எழுதிக்கொண்டேன்.

பிறகு சர்வேயர் சங்கிலி இழுத்தார்.
கல் நட்ட இடத்தைப் பார்த்தேன்.
என் வழி அங்கே கிடந்தது.
மூன்றாம் கியரில் நான் சாய்ந்து திரும்புகிற வளைவு,
ஆடுகளும் காற்றாலை வாட்ச்மேன்களும் போட்டது,
எந்தப் புல வரைபடத்திலும் இல்லாதது,
ஏழு சென்ட்டின் தென்கிழக்கு மூலையைக்
குறுக்கே வெட்டிக்கொண்டு போனது.

வேலி இல்லாததால்தான் அது வழி.
வாங்கினால் நான்தான் வேலி.

"அடைச்சிரலாம்மா. பொதுவழி இல்ல,
ஒருத்தரும் கேக்க முடியாது"
நல்ல சேதி சொல்கிற முகத்தோடு தாணுமூர்த்தி.

அன்று ராத்திரி கணக்குப் போட்டோம்.
பதினோரு அடி அகலம் விட்டால்
ஒண்ணேகால் சென்ட் போகும்.
கிட்டத்தட்ட ரெண்டு லட்சம் என்றான் சுஜின்,
கால்குலேட்டரை என் பக்கம் திருப்பி.
அந்தப் பக்கம் மிஞ்சுகிற முக்கோணத்தை
என்ன செய்ய என்றும் கேட்டான்.
உனக்கு ஒரு ரப்பர் கன்று நட்டுத் தாரேன் என்றேன்.
இந்த மண்ணில் அது பிழைக்காது என்று
ரெண்டு பேருக்கும் தெரியும்.
அன்றைக்கு அவன் சிரித்தது அப்போதுதான்.

பூதப்பாண்டியில் பத்திரம் பதிந்தோம்.
"இதென்ன மதில் இப்படி கோணலா போவுது"
என்ற கொத்தனாருக்கு
நான் பதில் சொல்லவில்லை,
சுஜின் சொன்னான்: "அது அப்படித்தான் அண்ணே."

சுண்ணாம்புக்கோடு போட்ட மறுநாள் காலை
பதினோரு அடிக்குள்
ஆட்டுக் குளம்புகள், புழுக்கைகள்,
நடுவில் ஒரு டயர் தடம்.
குனிந்து விரலால் அளந்தேன். என்னுடையதில்லை.
வளைவில்
பிரேக் பிடித்த அடையாளமே இல்லை.