கழுவுநீர்

வெட்டாற்றங்கரை நொச்சி இலையை
ஸ்பிரிட்டில் ஒரு நிமிடம்,
பிறகு நாலு தண்ணீரில் அலசினாள் ஞானசெல்வி.
கடைசிக் கழுவுநீரையும் ஒரு தட்டில் ஊற்றிவைத்தாள்.
அதில் ஒன்றும் முளைக்கவில்லை.
அப்படியென்றால் ஐந்தாம் நாள்
வெட்டுவாயில் தலைநீட்டிய இந்த வெள்ளை நூல்
இலைக்குள்ளேயே குடியிருந்தது.

நொச்சி ஒருநாளும் வாடியதில்லை.
சீட்டு யாரும் கேட்டதில்லை.

அரிசிக்கஞ்சி கலந்த தட்டில் வளர்த்து
அயோடின் ஊற்ற
எல்லாம் கருநீலம்.
பூஞ்சையைச் சுற்றி மட்டும் வெளிறிய வட்டம்:
வாயில்லாதது
நொதியை முன்னே அனுப்பி
கரைந்ததைக் குடித்த இடம்.

கரண்ட் போனது.
செல்போன் வெளிச்சத்தில் ஸ்கேல் வைத்துப்
பதினெட்டு மில்லிமீட்டர் என்று
நோட்டில் எழுதினாள். தேதி போட்டாள்.

கமலாபுரத்தில்
அப்பா முப்பது வருஷமாய் உழும்
கோயில் நிலம் மூன்று மா
இன்னும்
எந்த நோட்டிலும் ஏறவில்லை.